ஹெல்ஹாமர் வேகத்துக்கு முன்னால் ஒரு தகதிமி

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் டிரம்ஸ் பழகும் தம்பிகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: அண்ணா, ஹெல்ஹாமர் மாதிரி வாசிக்க எவ்வளவு நாளாகும்? நாள் கணக்கை விடுங்கள், முதலில் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 தட்டுக்கு இறக்குங்கள்.

ஹெல்ஹாமர் என்பது நார்வே டிரம்மர் யான் ஆக்செல் புளோம்பெர்கின் மேடைப் பெயர். 1969இல் பிறந்தவர், 1988இல் மேஹெம் என்ற பிளாக் மெட்டல் (வேகமும் கடுமையும் நிறைந்த ராக் இசை) குழுவில் சேர்ந்தார். எல்லோரும் அவருடைய வேகத்தைச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிது, எவ்வளவு வேகத்திலும் அடிகள் ஒரே அளவாக விழுவது.

பிளாஸ்ட் பீட்டை, அதாவது இந்த இசையின் அதிவேக அடியைப் பழக, காவடிக்குத் தவில் கேட்டு வளர்ந்த நமக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. மெட்ரோனோமின் ஒவ்வொரு தட்டுக்கும் வாயால் 'தகதிமி' சொல்லுங்கள். 'த'வும் 'தி'யும் வருமிடத்தில் வலது கை ரைடு சிம்பலில், வலது கால் பேஸ் டிரம்மின் பெடலில், இரண்டும் ஒன்றாக; 'க'வும் 'மி'யும் இடது கையால் ஸ்னேர் டிரம்மில். அவ்வளவுதான். 200க்குப் போகும்போது இடது கை மட்டும் நிமிடத்துக்கு 400 அடி அடிக்க வேண்டும், அதனால் தோளை இறுக்கினால் அரை நிமிடம்கூடத் தாங்காது. குச்சியைத் துள்ள விடுங்கள், விரல்கள் அதைத் திருப்பி அனுப்பினால் போதும். சொல் வாயில் தடுமாறினால் கையும் தடுமாறும், உடனே 5 குறையுங்கள்.

இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை அடிக்கும் டபுள் பெடலுக்கு இடது காலைத் தனியாகப் பழக்குங்கள். மெதுவான வேகத்தில் முழுக் காலும் அசையும், வேகம் கூடக்கூட வேலை கணுக்காலுக்கு வந்துவிடும். நான் அவசரப்பட்டு ஒரே வாரத்தில் 40 ஏற்றினேன், கணுக்கால் வீங்கி மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். வலித்தால் நிறுத்துங்கள், தயவுசெய்து.

நம் வீடுகள் பலவற்றில் பக்கத்து வீட்டோடு ஒரே சுவர், அதனால் ரப்பர் பேடில் பழகுங்கள். சில நாள் தலையணை மேலும் அடியுங்கள். அதில் குச்சி துள்ளாது, மணிக்கட்டுதான் முழு வேலையும் செய்யும்.

அப்புறம், ஒரே குழுவை நம்பி இருக்காதீர்கள். 1993இல் மேஹெமின் கிதார்காரர் யூரோனிமஸ் கொல்லப்பட்டார். அதோடு ஹெல்ஹாமர் குச்சியைக் கீழே வைக்கவில்லை. ஆர்க்டுரஸ், கோவெனன்ட், பின்னாளில் டிம்மு போர்கிர் என்று ஒன்றுக்கொன்று வேறான குழுக்களில் வாசித்தார், மேஹெமையும் விடவில்லை. டர்பனில் பிளாக் மெட்டல் ஆட்கள் கிடைக்கும்வரை கல்யாணக் கச்சேரிக்குக் கூப்பிட்டாலும் போங்கள், பஜனைக்குக் கூப்பிட்டாலும் போங்கள். பாடுபவரின் மூச்சைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் அங்கேதான் வரும்.