பொது டிரைவில் பிபிடி சேவ் ஆகவில்லையா? எந்த இடத்தில் தடுக்கிறது என்று பார்ப்போம்

சேமிக்க முடியவில்லை என்று பவர்பாயிண்ட் சொன்னதும் பலரும் ஓகே அழுத்திவிட்டு, எல்லாவற்றையும் மூடித் திறந்து பார்க்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கடைசியாகச் செய்த மாற்றங்கள் எல்லாம் அந்த நேரத்தில் திரையில் மட்டும்தான் இருக்கின்றன. அலுவலகத்தில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் பொது டிரைவில் இருக்கும் கோப்புக்கு, தானாகவே சேமிக்கும் ஆட்டோசேவ் வேலை செய்யாது. அது இணையத்தில் இருக்கும் ஒன்டிரைவ், ஷேர்பாயிண்ட் கோப்புகளுக்குத்தான். எஃப்12 அழுத்தினால் சேவ் அஸ் பெட்டி வரும். டெஸ்க்டாப்பில் வேறு பெயரில் சேமித்துவிடுங்கள். மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதா, அந்தப் பிரதியோடு போய்விட்டு வாருங்கள். காரணத்தை அப்புறம் தேடலாம்.

டெஸ்க்டாப்பிலும் சேமிக்க மறுத்தால் டிரைவில் குற்றமில்லை, கோளாறு கோப்பில்தான். தமிழ் ஸ்லைடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது எழுத்துரு விவகாரம். ஃபைல் மெனுவின் ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குப் போனால் எழுத்துருக்களையும் கோப்போடு சேர்க்கச் சொல்லும் டிக் ஒன்று இருக்கும். அப்படிச் சேர்க்க எல்லா எழுத்துருவும் இடம்கொடுக்காது. டிக்கை எடுத்துவிட்டு முயன்று பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் புது பிரசன்டேஷன் ஒன்றைத் திறந்து, பழையதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஸ்லைடுகளைக் காப்பி செய்து கொண்டுவந்து சேமித்துக்கொண்டே போங்கள். எந்த ஸ்லைடு வந்ததும் தகராறு தொடங்குகிறதோ அதுதான் ஆள்.

டெஸ்க்டாப்பில் ஆகிறது, டிரைவில்தான் ஆகவில்லை என்றால் விஷயம் வேறு. சென்னையில் கிண்டி, அம்பத்தூர் எஸ்டேட், நுங்கம்பாக்கம் பக்கம் சின்ன அலுவலகங்களுக்கு ஏஎம்சியில், அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில், கம்ப்யூட்டரும் நெட்வொர்க்கும் பார்த்துக்கொள்வது என் வேலை. மூலையில் ஒரு சர்வர் அல்லது நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லோரும் கோப்பு வைக்கும் சேமிப்புப் பெட்டி), அதில் ஒரு பொது ஃபோல்டர், எல்லோர் கம்ப்யூட்டரிலும் அது இசட் டிரைவ். எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அக்கா, ஃபைல் திறக்குது, காப்பி பண்ணா போகுது, சேவ் மட்டும் ஆக மாட்டேங்குது." இந்த ஒரு வரியிலேயே விடை பாதி இருக்கிறது.

பவர்பாயிண்ட் சேமிக்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. அதே ஃபோல்டரில் பிபிடி என்று தொடங்கி டிஎம்பி என்று முடியும் தற்காலிகக் கோப்பு ஒன்றை உருவாக்கி அதில் எல்லாவற்றையும் எழுதும். அப்புறம் பழைய கோப்பை நீக்கும். கடைசியாகத் தற்காலிகக் கோப்புக்குப் பழைய பெயரைச் சூட்டும். எழுதுவது, நீக்குவது, பெயர் மாற்றுவது என்ற மூன்றும் நடந்தால்தான் சேமித்ததாகக் கணக்கு. புதுக் கோப்பைக் காப்பி செய்ய எழுதும் அனுமதி போதும். சேமிக்க நீக்கும் அனுமதியும் வேண்டும்.

ஆகவே சோதனையையும் அதே வரிசையில் செய்யுங்கள். கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் வலது கிளிக் செய்து ஒரு டெக்ஸ்ட் கோப்பை உருவாக்குங்கள். அதன் பெயரை மாற்றுங்கள். பிறகு நீக்குங்கள். எந்தப் படியில் மறுக்கிறதோ, அந்த அனுமதி உங்களுக்கு இல்லை. நோட்பேடில் திறந்து சேவ் செய்து பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவுகட்டாதீர்கள். நோட்பேட் அதே கோப்பிலேயே எழுதிவிடும்; நீக்குவதும் பெயர் மாற்றுவதும் அங்கே நடப்பதே இல்லை. இன்னோர் அடையாளமும் உண்டு: நீங்கள் உருவாக்கிய கோப்பு சேமிக்கிறது, பக்கத்து இருக்கைக்காரர் உருவாக்கியது சேமிக்கவில்லை என்றால் அனேகமாக அனுமதிப் பிரச்சினைதான்.

சரி, அனுமதியை எங்கே பார்ப்பது? விண்டோஸ் சர்வரில், ஃபோல்டரின் பிராப்பர்டீஸில் இரண்டு இடம். ஷேரிங் தாவலில் ஒன்று, செக்யூரிட்டி தாவலில் இன்னொன்று. இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். ஷேரிங்கில் சேஞ்ச், செக்யூரிட்டியில் மாடிஃபை, இரண்டும் வேண்டும். தெரியாமல் யாரும் கோப்பை அழித்துவிடக் கூடாதே என்று நல்ல எண்ணத்தில் நீக்கும் உரிமையை எடுத்துவிடும் மேலாளர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு மருந்து தினசரி பேக்கப். நீக்கும் உரிமையைப் பறித்தால் சேமிப்பதே நின்றுவிடும்.

அனுமதியெல்லாம் சரி, ஆனாலும் வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறார் என்கிறதா? எக்ஸ்ப்ளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். ~$ என்று தொடங்கி உங்கள் கோப்பின் பெயரோடு ஒன்று தெரியும். அது பூட்டுச் சீட்டு. மூடியதும் தானாகப் போய்விட வேண்டும். யாருடைய கம்ப்யூட்டராவது நடுவில் நின்றுபோயிருந்தால் அப்படியே தங்கிவிடும். உண்மையிலேயே யாரும் திறந்து வைக்கவில்லை என்று விசாரித்துக்கொண்டு அதை நீக்கலாம். நீக்க விடவில்லை என்றால் சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ் என்று போனால் எந்தப் பயனர் பிடித்து வைத்திருக்கிறார் என்று பெயரோடு தெரியும். எக்ஸ்ப்ளோரரின் வலப்பக்க பிரிவியூ பலகையும் கோப்பைப் பிடித்துக்கொள்வது உண்டு. பொது டிரைவில் வேலை செய்பவர்கள் அதை அணைத்து வைப்பது நல்லது.

பெயரின் நீளத்தைத் தமிழில் பெயர் வைப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். டிரைவ் எழுத்து, ஃபோல்டர்கள், கோப்புப் பெயர் எல்லாம் சேர்ந்து 260 குறிகள் என்பது விண்டோஸின் வழக்கமான எல்லை. 'கூட்டம்' என்பது நம் கண்ணுக்கு நாலு எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது ஏழு. புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். 'ஆண்டுப் பொதுக்கூட்டம் இறுதி வடிவம் திருத்தியது' என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போனால் எல்லை சீக்கிரம் வந்துவிடும். ஒருவர் உள் ஃபோல்டரையே இசட் டிரைவாக இணைத்து (மேப் செய்து) வைத்திருப்பார், இன்னொருவர் மேல் ஃபோல்டரை. முதலாமவருக்குச் சேமிக்கும், இரண்டாமவருக்குச் சேமிக்காது. பெயரைச் சுருக்குங்கள்.

டிரைவில் காலி இடம் பற்றிச் சுருக்கமாக: சேமிக்கும்போது பழையதும் புதியதும் சிறிது நேரம் ஒன்றாக இருக்கும். 300 எம்பி கோப்புக்கு இன்னொரு 300 எம்பி காலியாக இருக்க வேண்டும். நாஸ் பெட்டியில் ரீசைக்கிள் பின் இயக்கத்தில் இருந்தால், நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் பழைய பிரதி அதில் போய்ச் சேரலாம். அதைத் திறந்து பாருங்கள்.

எப்போதாவது மட்டும் வரும் கோளாறு என்றால் இணைப்பைச் சந்தேகியுங்கள். நம் ஊர் அலுவலகங்களில் கம்ப்யூட்டருக்கெல்லாம் யுபிஎஸ் இருக்கும். கம்ப்யூட்டர்களையெல்லாம் கேபிளால் இணைக்கும், மேலே பரணில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிக்கு இருக்காது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடிகளில் திரை எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் ஸ்விட்ச் அணைந்து மறுபடி எழுந்துகொண்டிருக்கும். அப்போது சேவ் அழுத்தினால் போச்சு. ஸ்விட்ச்சையும் நாஸையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். லேப்டாப்பை லேன் கேபிளிலிருந்து பிடுங்கிக்கொண்டு வைஃபையில் கான்ஃபரன்ஸ் அறைக்குப் போவதும் இதே கதைதான். போகும் முன் டெஸ்க்டாப்பில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில், சர்வர் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைத் தொடர்ந்து ஓடவிட்டு, நடுநடுவே டைம்டு அவுட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் ஒரு நல்ல கேட் 6 பேட்ச் கார்டு (தயார்நிலை நெட்வொர்க் கேபிள்) வாங்கிப் போட்டாலே பல சமயம் தீர்ந்துவிடும்.

புது லேப்டாப்பில் மட்டும் டிரைவே திறக்கவில்லையா? 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பு, ப்ரோவில், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் (கெஸ்ட்) நுழைவை வழக்கமான அமைப்பில் ஏற்காது. விண்டோஸின் பாதுகாப்பைத் தளர்த்தாதீர்கள். நாஸில் ஆளுக்கொரு பயனர் கணக்கு போட்டுக் கொடுங்கள்.

சேமிக்கும்போது பழைய கோப்பு நீங்கி, பெயர் மாற்றும் முன் இணைப்பு அறுந்தால் உங்கள் கோப்பே காணாமல் போனதுபோல் இருக்கும். பதறாதீர்கள், ஃபோல்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று டிஎம்பி கோப்புகளை அழிக்கவும் வேண்டாம். தேதி, நேரம், அளவு பார்த்து உங்களுடையதைக் கண்டுபிடித்து டெஸ்க்டாப்புக்குக் காப்பி செய்யுங்கள். கோப்பின் பின்னொட்டை டிஎம்பியிலிருந்து பிபிடிஎக்ஸ் ஆக மாற்றித் திறந்து பாருங்கள். முழுதாக எழுதி முடித்த கோப்பாக இருந்தால் ஸ்லைடுகள் எல்லாம் அதில் இருக்கும்.