விரைவு வரிசை டிக்கெட்டில் மதுரைக் குடும்பங்கள் காசை விடும் இடங்கள்

தீம் பார்க்கில் விரைவு வரிசைக்கென்று கொடுக்கும் கூடுதல் பணம், அன்றைக்கு அங்கே நிற்கும் இரண்டு வரிசைகளுக்கு இடையிலான நேர வித்தியாசத்தின் விலை. ஒரு நாள் அந்த வித்தியாசம் ஒரு மணி நேரமாக இருக்கும். இன்னொரு நாள் ஐந்து நிமிடம்கூடத் தேறாது. மீனாட்சியம்மன் கோயிலில் கட்டண தரிசனத்துக்கு நின்றவர்களுக்கு இது தெரிந்த கதைதான். கூட்டமில்லாத ஒரு புதன்கிழமைக் காலையில் பொது வரிசையில் போனவரும் காசு கொடுத்துப் போனவரும் சந்நிதி முன்னால் ஒன்றாகவே நிற்பார்கள். ஆடி வெள்ளியில் கட்டண வரிசையே நகராது.

மதுரைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு முன்பைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறது. திண்டுக்கல் சாலையில் பரவையில் இருக்கும் அதிசயம் பூங்காவோடு முடிந்த கோடை விடுமுறை இன்று கொச்சி வொண்டர்லா, 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறந்த சென்னை வொண்டர்லா, சிங்கப்பூரின் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் என்று நீண்டுவிட்டது. தூரம் கூடக்கூட, "இவ்வளவு செலவழித்து வந்தாயிற்று, இதையும் வாங்கிவிடுவோம்" என்ற மனநிலையும் கூடுகிறது. டிக்கெட் விற்பவர்களுக்கு அந்த மனநிலை நன்றாகத் தெரியும்.

நம் காலண்டரை மட்டும் பார்ப்பது

பெரிய தவறு இதுதான். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகே. நமக்கு எப்போது லீவு என்று பார்த்து நாளைக் குறித்துவிட்டு, போய் இறங்கியதும் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, அங்கேயே விரைவு டிக்கெட் வாங்குகிறோம். பார்க்க வேண்டியது பூங்கா இருக்கும் ஊரின் காலண்டரை.

கொச்சிக்குப் போகிறவர் ஓணம் எப்போது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மதுரையில் அது சாதாரண வேலை நாள். அங்கே பள்ளிக்கூடங்களுக்குப் பத்து நாள் விடுமுறை. ஆவணியில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுக் கம்பம், குமுளி வழியாகக் காரில் போகிறவர்கள், கேரளத்தின் பாதி அங்கே நிற்பதைப் பார்த்து விழிப்பார்கள். பொங்கலுக்குப் பெரும்பாலான கேரள மாவட்டங்களில் விடுமுறை கிடையாது. ஆனால் நம்மவர்களே அந்த வாரம் எல்லை தாண்டிக் குவிந்துவிடுகிறார்கள். அந்த நாளில் அங்கே தமிழ்தான் அதிகம் கேட்கும்.

சிங்கப்பூர் விஷயத்தில் காலண்டர் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. அங்கே பள்ளிகளின் நீண்ட விடுமுறைகள் இரண்டு: ஜூன் மாதம், நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் முடியும் வரை. நம் கோடை விடுமுறை உச்சத்தில் இருக்கும் மே மாதத்தில் அங்கே பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். மே மாதத்தின் நடுவில் ஒரு செவ்வாயோ புதனோ போனால் விரைவு டிக்கெட்டை மறந்துவிடலாம். "பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் போய்வருவோம்" என்று ஜூன் முதல் வாரத்துக்குத் தள்ளினால் நேராக உள்ளூர் விடுமுறைக்குள் போய் விழுவோம். அரையாண்டு லீவில் போவது எல்லாவற்றையும்விட மோசம்: அவர்கள் விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு மூன்றும் சேர்ந்த வாரம் அது. டிக்கெட் விலையும் நாளுக்கு நாள் மாறும் ஊர் அது. கூட்டம் கூடினால் விரைவு டிக்கெட்டின் விலையும் ஏறும்.

வார நாள் என்றால் காலி என்று நம்புவதும் முழுக்கச் சரியில்லை. நம் ஊர்ப் பூங்காக்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு வியாழக்கிழமையில் பத்து பஸ் பிள்ளைகள் ஒரே நேரத்தில் இறங்கினால் ஞாயிற்றுக்கிழமையே பரவாயில்லை என்றாகிவிடும். முதல் நாள் பூங்காவுக்குப் போன் செய்து "நாளைக்குப் பள்ளிக் குழுக்கள் வருகின்றனவா?" என்று கேட்பதற்குக் காசு செலவில்லை. வந்திருந்தாலும் பதற வேண்டாம்: அவர்கள் தொலைதூரம் திரும்பிப் போக வேண்டியவர்கள், மாலை ஆவதற்கு முன்பே பஸ் ஏறிவிடுவார்கள்.

சித்திரைத் திருவிழா வாரத்தில் ஊரைவிட்டுப் போகலாமா என்று கேட்டால், கூட்டக் கணக்குப்படி மதுரையைத் தவிர எந்த ஊரும் நல்லதுதான். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் போவதற்கு வீட்டில் சம்மதம் வாங்குவது உங்கள் பாடு.

நுழைவு டிக்கெட் அதற்குள் இருக்கிறதா?

தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சியில் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனி டிக்கெட் வாங்கிப் பழகியவர்கள் நாம். இங்கே முறை வேறு. பூங்காவுக்குப் பூங்காவும் வேறு.

வொண்டர்லாவில் ஃபாஸ்ட்ராக் என்று விற்பது நுழைவையும் சேர்த்த விரைவு டிக்கெட். சாதாரண டிக்கெட்டைத் தனியாக வாங்கிவிட்டு, பிறகு இதையும் வாங்குவது இரட்டைச் செலவு. சிங்கப்பூர் யுனிவர்சலில் நேர்மாறு: எக்ஸ்பிரஸ் என்பது வெறும் வரிசைச் சலுகை, அதை மட்டும் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்ட முடியாது. அதிலும் இரண்டு வகை இருக்கிறது. விலை குறைந்தது ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு தடவைதான் செல்லும். அன்லிமிடெட் என்பதுதான் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். பிடித்த ரைடில் மூன்று தடவை ஏறப் பிள்ளை அடம்பிடிக்கும் என்று தெரிந்தால் இந்த வித்தியாசம் முக்கியம். இல்லையென்றால் ஒரு தடவை வகையே போதும்.

டிராவல்ஸ்காரர் "எல்லாம் சேர்த்து" என்று சொல்லும் பேக்கேஜில் எக்ஸ்பிரஸ் இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் எல்லாமே சேர்ந்துதான் இருக்கும்.

உள்ளூரில் விளம்பரத்தில் தெரியும் விலைக்குமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டா, சேர்த்த விலையா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஆறு பேருக்கு அது சிறிய தொகை இல்லை.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே டிக்கெட்

எட்டுப் பேர் போகிறோம், எட்டு விரைவு டிக்கெட். கவுண்டரில் நின்று பார்த்தால் இதுதான் சர்வசாதாரணமாக நடக்கிறது. அந்த எட்டில் அப்பத்தா நிழலான பெஞ்சைவிட்டு எழுந்திருக்க மாட்டார். சித்தப்பாவுக்கு ரோலர் கோஸ்டர் என்றாலே தலைசுற்றல். மூன்று வயதுக் குழந்தையைப் பெரிய ரைடு எதிலும் ஏற்றவே மாட்டார்கள். உண்மையில் வரிசையில் நிற்கப்போவது நாலு பேர். அந்த நாலு பேருக்கு மட்டும் வாங்குங்கள். "அவருக்கு மட்டும் வாங்காமல் விட்டோம்" என்று யாரும் மனம் நோகாமல் இருக்க, மிச்சமான பணத்தில் அப்பத்தாவுக்கு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுக்கலாம்.

பிள்ளைகளின் உயரத்தை வீட்டுச் சுவரில் செருப்பில்லாமல் அளந்துகொண்டு போவது நல்லது. வொண்டர்லாவில் சிறுவர் கட்டணமே வயதைப் பார்த்துக் கிடையாது, 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், அதற்குமேல் 140 செ.மீ. வரை சிறுவர் டிக்கெட். சிங்கப்பூர் யுனிவர்சலில் இருட்டுக்குள் ஓடும் ரோலர் கோஸ்டருக்கு 122 செ.மீ. வேண்டும், சிவப்பும் நீலமுமாக எதிரெதிரே பாயும் இரட்டை ரோலர் கோஸ்டருக்கு 125. 118 செ.மீ. பிள்ளைக்கு எக்ஸ்பிரஸ் வாங்கினால், நீண்ட வரிசை நிற்கும் ரைடுகளிலேயே அது செல்லாது.

கல்லூரி மாணவர்கள் அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வரக் கூடாது. மாணவர் சலுகை அசல் அட்டைக்குத்தான். அந்தச் சலுகை விரைவு டிக்கெட்டுக்கும் பொருந்துமா என்று வாங்கும் முன் கேளுங்கள். சில இடங்களில் சாதாரண டிக்கெட்டோடு நின்றுவிடும்.

வரிசையே இல்லாத இடத்துக்கு வரிசைச் சலுகை

அலைக்குளத்துக்கும் மழை நடனத்துக்கும் வரிசை கிடையாது. நம் வெயிலுக்கு, பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்துவிட்டால் பாதி நாள் அங்கேயே போய்விடும். ஆகவே அன்றைக்கு உண்மையில் எத்தனை ரைடுகளில் ஏறுவோம் என்று எண்ணிப் பாருங்கள். விரைவு டிக்கெட்டுக்குத் தலைக்கு 1,000 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். வரிசை பத்துப் பத்து நிமிடமே நிற்கும் நாளில் ஆறு ரைடுகளுக்கு மிச்சம் அதிகம் போனால் ஒரு மணி நேரம்; அந்த ஒரு மணியின் விலை 1,000. ஒவ்வொன்றிலும் 45 நிமிடம் நிற்க வேண்டிய நாளில் அதே ஆறுக்கு மிச்சம் நாலரை மணி. மணிக்கு 220 ரூபாய் சொச்சம். இரண்டாவது நாளில் அது நியாயமான விலை என்றே சொல்வேன், குறிப்பாக நமக்கு. சென்னைக்காரர் அடுத்த மாதம் மறுபடி வருவார். இரவெல்லாம் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ரயிலில் பயணம் செய்து வந்த குடும்பத்துக்கு இருப்பது அந்த ஒரே பகல். (இள்ளலூருக்குப் போகிறவர்கள் எழும்பூர் வரை போகாமல் செங்கல்பட்டிலேயே இறங்கிவிடலாம். அதில் மிச்சமாகும் நேரத்துக்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை.)

மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இடி மின்னல் வந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள்; அப்போது விரைவு வரிசையும் நிற்கும். சென்னைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கொச்சிக்கு ஜூன், ஜூலை. சிங்கப்பூரில் எந்த மாதத்திலும் பிற்பகலில் இடியோடு மழை கொட்டலாம். சாதாரண டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் சலுகை விலைக்கு எடுத்துக்கொண்டு, விரைவு டிக்கெட்டை அங்கே போய் வானத்தையும் கூட்டத்தையும் பார்த்து முடிவு செய்வது வார நாளுக்குச் சரியான வழி. அதற்கு முன் சாதாரண டிக்கெட்டை அங்கே விரைவு டிக்கெட்டாக மாற்றித் தருவார்களா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய விடுமுறை நாளில் இப்படிக் காத்திருந்தால் விற்றுத் தீர்ந்துவிடலாம்.

காசில்லாத வேகம்

கதவு திறப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் நிற்பவருக்கு முதல் ஒரு மணி நேரம் விரைவு டிக்கெட் தேவையில்லை. நம்மால் இது முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் காலை டிபன். வழியில் நல்ல ஹோட்டலாகப் பார்த்து, இட்லி, பொங்கல், பிறகு காபி என்று முடித்து வருவதற்குள் பதினொன்றரை. மதியச் சாப்பாடும் அப்படியே: எல்லாரும் ஒன்று முதல் இரண்டு வரை சாப்பிடுகிறார்கள், அந்த நேரத்தில் ரைடுகளில் கூட்டம் குறைகிறது. நீங்கள் பன்னிரண்டுக்கு முன்போ இரண்டரைக்கோ சாப்பிடுங்கள். நீர் விளையாட்டுகளைப் பல பூங்காக்கள் காலையில் தாமதமாகத் திறந்து மாலையில் சீக்கிரம் மூடும். அந்த நேரங்களைத் தெரிந்துகொண்டு மற்ற ரைடுகளை இரு முனைகளிலும் வைத்துக்கொள்ளலாம்.

யுனிவர்சல் போன்ற வெளிநாட்டுப் பூங்காக்களில் சில ரைடுகளுக்குத் தனி ஆள் வரிசை உண்டு. காலியாக மிஞ்சும் ஒற்றை இருக்கையை அந்த வரிசையில் நிற்பவருக்குக் கொடுப்பார்கள். கட்டணம் கிடையாது, பல சமயம் பாதி நேரம்கூட ஆகாது. குடும்பத்தோடு வந்துவிட்டுத் தனியாக உட்காருவதா என்று நம்மவர்கள் அதைத் தாண்டிப் போகிறார்கள். கும்மிருட்டில் தலைதெறிக்க ஓடும் வண்டியில் பக்கத்தில் இருப்பது மச்சானா வேறு யாரா என்று பார்க்க யாருக்கும் நேரமிருக்காது.

கைக்குழந்தை உள்ளவர்கள் கேட்க வேண்டியது மாற்று முறை. டிஸ்னியிலும் யுனிவர்சலிலும் ஒருவர் ஏறி வரும்வரை மற்றவர் குழந்தையோடு காத்திருந்து, பிறகு முழு வரிசையிலும் மறுபடி நிற்காமல் ஏறலாம். ஊழியரிடம் வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும்.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள்

பழைய வீடியோக்களை நம்ப வேண்டாம். டிஸ்னியில் 1999இல் வந்த ஃபாஸ்ட்பாஸ் என்ற இலவச விரைவு வரிசை 2021இல் போய்விட்டது; இப்போது லைட்னிங் லேன் என்று காசுக்கு விற்கிறார்கள். ஆர்லாண்டோவில் டிஸ்னி ஓட்டலில் தங்குகிறவர்கள் அதை ஏழு நாள் முன்பே எடுக்கலாம், மற்றவர்கள் மூன்று நாள் முன்பு. அதே ஊரில் யுனிவர்சலின் போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் ஆகிய மூன்று ஓட்டல்களில் அறை எடுத்தால் பழைய இரண்டு பூங்காக்களுக்கும் அன்லிமிடெட் எக்ஸ்பிரஸ் இலவசம். அறைக்கு வரும் நாளுக்கும் காலி செய்யும் நாளுக்கும் சேர்த்தே கொடுப்பதால், நாலைந்து பேருக்கு ஓர் இரவு அறை வாடகை இரண்டு நாள் எக்ஸ்பிரஸைவிட மலிவாக அமைவதுண்டு. 2025 மே மாதம் அங்கே திறந்த யுனிவர்சலின் புதிய பூங்காவான எபிக் யுனிவர்ஸுக்கு இது செல்லாது. முழங்கால் வலிக்குச் சக்கர நாற்காலி எடுத்தால் வரிசையைத் தாண்டிவிடலாம் என்பதும் பழைய நம்பிக்கை. டிஸ்னியின் பெரும்பாலான ரைடுகளில் நாற்காலியும் அதே வரிசையில்தான் வரும்.

பணம் கட்டும் இடத்தில்

வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு வரும் டிக்கெட் படத்தை வாங்காதீர்கள். அதில் இருக்கும் கியூஆர் கோடு ஒருமுறைதான் செல்லும். அதே படத்தை எத்தனை பேருக்கு அனுப்பினார்கள் என்பது வாசலில்தான் தெரியும். பூங்காவின் சொந்தத் தளத்தில், முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

சிங்கப்பூரில் கார்டு தேய்க்கும்போது "ரூபாயிலா, சிங்கப்பூர் டாலரிலா" என்று மெஷின் கேட்டால் டாலரைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் வங்கி தன் லாபம் சேர்த்து வைக்கும். உங்கள் கார்டுக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் எவ்வளவு என்று கிளம்பும் முன் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். பல கார்டுகளில் அது 3.5 சதவீதம் வரை போகும், அதற்குமேல் ஜிஎஸ்டி வேறு.