ஓர் இதழ் எப்படி வளர்ந்தது, எப்படி விழுந்தது: கிரஹாம்ஸ் மேகசினை வைத்துப் படிக்கப் பழகுவோம்

பழைய இலக்கிய இதழ்களின் வரலாற்றைப் படிக்க ஆரம்பிப்பவர்கள் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் வெளிவந்த கிரஹாம்ஸ் மேகசினில் தொடங்கலாம். ஸ்கேன் பிரதிகள் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதலில் தொகுதி எண்ணைப் பாருங்கள். 1841 ஜனவரியில் புதுப் பெயரோடு வந்த இதழில் 18-ஆவது தொகுதி என்று இருக்கும். பிறக்கும்போதே பதினெட்டா? ஜார்ஜ் கிரஹாம் தன்னிடமிருந்த 'காஸ்கெட்' இதழோடு, விலைக்கு வாங்கிய 'பர்ட்டன்ஸ்' இதழைச் சேர்த்தார், எண் காஸ்கெட்டினுடையது. இரண்டு இதழ்களின் சந்தாதாரர்களும் சேர்ந்து சுமார் 5,000 பேர்.

அடுத்து 1841 ஏப்ரல் இதழ். இதை அவசரப்படாமல் புரட்டுங்கள். எட்கர் ஆலன் போ எழுதிய, முதல் நவீனத் துப்பறியும் கதை எனப்படும் 'ரூ மார்க் கொலைகள்' 166-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. கதையோடு நின்றுவிடாதீர்கள். அந்த ஆண்டு இதழ்களில் வந்த உலோகத்தகட்டுச் சித்திரங்களையும் கையால் வண்ணம் தீட்டிய உடை அலங்காரப் படங்களையும் பாருங்கள். பலர் சந்தா கட்டியது இவற்றுக்காகத்தான். ஆசிரியர் குழுவில் இருந்த போவுக்கோ இந்தப் படங்களும் காதல் கதைகளும் அறவே பிடிக்கவில்லை. சம்பளம் ஆண்டுக்கு 800 டாலர்தான். 1842-இல் விலகிவிட்டார். அவரது கோபம் நியாயமானதுதான். ஆனாலும் படங்கள் கொண்டுவந்த பணத்தில்தான் லாங்ஃபெல்லோவின் ஒரு கவிதைக்கு 50 டாலர் கொடுக்க முடிந்தது. எழுத்தாளருக்குக் கை நிறையக் கொடுத்த இதழ்கள் அன்று அபூர்வம்.

விற்பனை எண்ணிக்கையைக் குறிக்கும்போது கவனம். 40,000 என்பது இதழ்த் தரப்பு சொல்லிக்கொண்ட கணக்கு. அதை விளம்பரம் என்றே எழுதி வையுங்கள்.

சரிவைத் தேட இதழுக்கு வெளியேயும் போக வேண்டும். கிரஹாம் வேறு முதலீடுகளில் பணத்தை இழந்து 1848-இல் இதழைக் கைவிட நேர்ந்தது. 1850-இல் மீட்டார். அதே ஆண்டு ஜூனில் நியூயார்க்கில் ஹார்ப்பர்ஸ் என்ற இதழ் தொடங்கியது. அயல்நாட்டு எழுத்துக்கு அமெரிக்காவில் அப்போது பதிப்புரிமை கிடையாது, எழுதியவருக்குப் பணம் தராமலே எடுத்துப் போடலாம். ஹார்ப்பர்ஸின் முதல் இதழின் பொருளடக்கத்தை கிரஹாம்ஸ் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பெரும்பகுதி பிரிட்டிஷ் ஏடுகளிலிருந்து எடுத்துப் போட்டது, அதுவும் 144 பக்கம். எழுத்தாளருக்குக் கூலி கொடுத்து வந்த கிரஹாம்ஸ் 1858-இல் நின்றுபோனது.