ஆபரேஷனுக்கு முன் தரும் பதற்றம் தணிக்கும் மருந்து: கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியோ, வண்ணாரப்பேட்டைப் பக்கத்து சின்ன நர்சிங் ஹோமோ, எங்கே ஆபரேஷன் என்றாலும் மயக்க டாக்டர் முன்கூட்டியே வந்து நோயாளியிடம் பேசுவார். மருந்து எது, எவ்வளவு என்பதை அவர் முடிவு செய்வது அப்போது கிடைக்கும் பதிலை வைத்துத்தான். அதனால் வெட்கப்பட்டு எதையும் மறைக்காதீர்கள்.

முதலில் சொல்ல வேண்டியது குடிப்பழக்கம். தினமும் குடிப்பவருக்கு வழக்கமான அளவு வேலை செய்யாமல் போகலாம். அன்று காலை குடித்துவிட்டு வந்தவருக்கோ அதே அளவு மூச்சைத் தாழ்த்திவிடும். அடுத்தது குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவருக்கு இந்த மருந்தைத் தவிர்ப்பார்கள், அல்லது ஆக்சிஜன் அளவைப் பார்த்தபடி குறைவாகத் தருவார்கள். மூன்றாவதைப் பலர் சொல்ல மறக்கிறார்கள்: டிபி மாத்திரை. சிறுநீரைச் சிவப்பாக்கும் ரிஃபாம்பிசின், பதற்றம் தணிக்கத் தரும் மிடசோலத்தை உடம்பு சீக்கிரம் கரைத்துவிடும்படி செய்யும். வாய்வழி தந்த மருந்து கிட்டத்தட்ட வேலையே செய்யாது. ஃபுளுகோனசோல் மாதிரி பூஞ்சை மருந்துகள் இதற்கு நேர் எதிர். மருந்தின் வேகம் கூடி, நேரமும் நீளும்.

முதல் நாள் ராத்திரி தூக்கத்துக்கு அல்பிரசோலம் 0.25 அல்லது 0.5 மில்லிகிராம் எழுதுவது உண்டு. போன தடவை வாங்கி மிஞ்சியதை வீட்டிலிருந்து எடுத்துப் போட வேண்டாம். இது ஹெச்1 பட்டியல் மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. விற்கும்போது நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதியாக வேண்டும்.

அன்று காலை தருவது பெரும்பாலும் மிடசோலம். பெரியவர்களுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் நரம்பில் ஏற்றினால் இரண்டு மூன்று நிமிஷத்தில் படபடப்பு அடங்கும். இது முழு மயக்கம் இல்லை. கூப்பிட்டால் பதில் வரும். ஆனால் அதற்குப் பின் நடந்தது பலருக்கு நினைவிருக்காது. ஒப்புதல் கையெழுத்து, பல் செட், நகை, சிறுநீர் கழிப்பது எல்லாம் மருந்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றி வையுங்கள், பாத்ரூமுக்குத் தனியாக எழுந்து போக விடாதீர்கள். தள்ளாடி விழுந்து அடிபடக்கூடும்.

குழந்தைகளுக்கு வாய்வழி, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். 12 கிலோ குழந்தை என்றால் 6 மில்லிகிராம். கொடுமையான கசப்பு, அதனால் இனிப்பு சிரப்பில் கலந்து தருவார்கள். பிடிக்க 20 முதல் 30 நிமிஷம் ஆகும், ஒரு மணி நேரம் தாண்டினால் வேகம் குறையத் தொடங்கும். இங்கேதான் தவறு நடக்கிறது. முந்தைய கேஸ் இழுத்துவிட்டால், குழந்தை தியேட்டருக்குள் போகும் நேரத்தில் மருந்தின் வேலையே முடிந்திருக்கும். “தியேட்டரிலிருந்து கூப்பிட்டாச்சா?” என்று சிஸ்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது. துப்பிவிட்டால் நீங்களே மறுபடி ஊற்றாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. சில பிள்ளைகள் அமைதியாவதற்குப் பதில் கத்தி உதைக்கும். அது மருந்தின் தலைகீழ் விளைவு, பிள்ளையின் பிடிவாதம் அல்ல.

வயதானவர்களுக்கு அளவைப் பாதியாக்குவார்கள், அல்லது தரவே மாட்டார்கள். ஆபரேஷனுக்குப் பின் இடம், ஆள் தெரியாமல் குழம்புவது அவர்களுக்கு அதிகம். சிசேரியனுக்குப் போகும் தாய்க்கும் குழந்தை வெளியே வரும்வரை பொதுவாகத் தர மாட்டார்கள். மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் குடும்பத்தார், “பயப்படுறா, ஒரு தூக்க மாத்திரை கொடுங்க” என்று சிஸ்டரை நெருக்க வேண்டாம்.

வெறும் வயிறு விஷயத்தில் சலுகையே கிடையாது. சாப்பாடு, பால், டீ 6 மணி நேரம், தாய்ப்பால் 4, வெறும் தண்ணீர் 2. ஒரு வாய் டீயும் பொறையும்கூட சாப்பாடுதான். அரைத் தூக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். டாக்டர் சொன்ன மாத்திரையை மட்டும் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கலாம்.

உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சு மெதுவாகி உலுக்கியும் எழாவிட்டாலோ உடனே சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். முறிவு மருந்து ஃபுளூமசெனில் இருக்கிறது. ஆனால் அதன் வேகம் மிடசோலத்துக்கு முன்பே தீர்ந்துவிடலாம். எழுந்து பேசியவர் மறுபடி அசந்துபோகக்கூடும். அதனால்தான் கண் விழித்த பின்னும் வெகுநேரம் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள்.

அன்றே வீட்டுக்கு அனுப்பினால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக்கூடாது, குடிக்கக்கூடாது. பைக்கின் பின்சீட்டும் வேண்டாம், கண் அசந்தால் பிடி விட்டுவிடும். தண்டையார்பேட்டை வரைக்கும்தான் என்றாலும் ஆட்டோ பிடித்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கூட்டிப் போங்கள்.