தொட்டாலே வலிக்கிறது என்பவருக்கு எப்படிப் புரியவைப்பது

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் பிசியோதெரபி பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் தேயிலைத் தோட்டத்து அக்காமார். கத்தரி பிடித்து இலை வெட்டியே தோள் போனவர்கள். வலி தொடங்கி ஆறு மாதம் ஆகியிருக்கும், ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இருக்காது, ஆனால் ரவிக்கைக் கை உரசினாலே உயிர் போகும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, நான் விளக்குகிற விதத்தைச் சொல்கிறேன்.

இந்த வலியைக் கூட்டிவிடும் 'நரம்பு வளர்ச்சிப் புரதம்' என்ற பொருளின் பெயரை மட்டும் முதலில் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். ஒரு பெரியம்மா காதில் அது 'நரம்புத் தளர்ச்சி' என்று விழுந்து, அடுத்த வாரம் லேகிய டப்பாவோடு வந்து நின்றார்.

மிளகாயில் தொடங்குங்கள். "பச்சை மிளகாய் நறுக்கின கையை வெந்நீரில விட்டிருக்கீங்களா அக்கா?" இந்தக் குளிரில் விடாதவர் யார்? தண்ணீர் எப்போதும் போன்ற சூடுதான், கைதான் எரிகிறது. நரம்பு நுனியில் சூட்டை உணரும் வாயிலைக் காரம் திறந்துவிடுகிறது. புண்பட்ட தசையில் ஊறும் அந்தப் புரதமும் சில நிமிடங்களில் அதே வாயிலைத்தான் இளக்கிவிடுகிறது.

அப்புறம் தோளிலிருந்து கழுத்து வரை விரலால் ஒரு கோடு இழுங்கள். இங்கே அவசரப்படக் கூடாது. புரதம் நுனியோடு நிற்பதில்லை. நரம்பு நுனியில் தன்னைப் பிடித்துக்கொண்ட ஏற்பியோடு (புரதம் வந்து ஒட்டும் கொக்கி மாதிரி) நரம்புக்குள் ஏறி, முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுக்குப் போகிறது. அங்கே பிடிஎன்எஃப் என்ற இன்னொரு புரதமும் சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளும் கூடுதலாகத் தயாராகின்றன. இரண்டும் தண்டுவடத்தில் வலிச் சேதி வந்து சேரும் பின்பக்கப் பகுதியான பின்கொம்பில் சுரக்க, அங்குள்ள செல்கள் சின்னச் சேதிக்கும் துள்ளுகின்றன. துணி உரசும் சேதியும் வலிக் கணக்கில் ஏறிவிடுகிறது.

"தோள் அனுப்புற இலை பத்து கிலோதான், கழுத்துத் தராசு நாற்பது காட்டுது" என்பேன். "எங்க தராசு என்னிக்கும்மா கூடக் காட்டியிருக்கு?" என்றார் ஒருவர். சிரித்து முடிப்பதற்குள் விஷயம் உள்ளே போயிருந்தது.

"அந்தப் புரதத்தை அடக்க ஊசி இல்லையா?" என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். டனெசுமாப் என்று ஒன்றைச் சோதித்தார்கள். மூட்டுவலி குறைந்தது, ஆனால் சிலருக்கு மூட்டே வேகமாகச் சிதைந்தது. 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு எதிராக வாக்களித்தது. அந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஏற்பி பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு வலியே தெரியாது, நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அதையும் சொல்லுங்கள், வலியை ஒரேயடியாக அணைக்கும் ஆசை கொஞ்சம் அடங்கும்.

"எல்லாம் மனசுதான்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். தராசு மாறியது உடம்பில். முழு ஓய்வும் சொல்லாதீர்கள். வலி தாங்கும் அளவுக்குக் கையைத் தூக்கி, வாரா வாரம் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள்.

கை மரத்துப்போனால், பிடி தளர்ந்தால், சிறுநீர் அடக்க முடியாவிட்டால் மிளகாயும் வேண்டாம், தராசும் வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள்.