வீட்டுப் பொருளில் மிக்ஸட் மீடியா அலங்காரத் துண்டுகள்: சென்னையின் ஈரக்காற்றிலும் நிற்கும்படி

மிக்ஸட் மீடியா என்பது காகிதம், துணி, உலோகம், பெயிண்ட் எனப் பல பொருட்களை ஒரே வேலையில் சேர்ப்பது. வாழ்த்து அட்டை, டைரி உறை, கேன்வாஸ், கொலுவின் பின்திரை, ரிட்டர்ன் கிஃப்ட் டப்பா என எதில் வேலை செய்தாலும் மேலே ஒட்டுகிற பூ, பதக்கம், புடைப்புக் கோடு, பழைய உலோகம் போன்ற துண்டுகளுக்குத்தான் காசு கரைகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டிய பொருள் சமையலறையிலும் பரணிலும் ஏற்கெனவே கிடக்கிறது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பல வறண்ட ஊர்களுக்கு எழுதப்பட்டவை. சென்னையில் அப்படியே செய்தால் ஐப்பசி மழைக்குள் பூசணம் பூக்கும், அட்டை வளையும், பெயிண்ட் பிசுபிசுக்கும். அதனால் ஒவ்வொரு பொருளையும் எடுக்கும்போதே, இது ஈரத்தை உறிஞ்சுமா, பூச்சிக்குத் தீனியாகுமா என்று பார்த்துவிடுங்கள்.

முதலில் பசை. மைதா பசையை மறந்துவிடுங்கள். இரண்டு ரூபாய் மிச்சம் பிடித்து எறும்பையும் காகிதம் தின்னும் வெள்ளிமீன் பூச்சியையும் வீட்டுக்கு அழைப்பதில் லாபம் இல்லை. காகிதம், துணி, மரம், அட்டை எல்லாவற்றுக்கும் ஃபெவிகால் போதும். அது தன்னிடம் உள்ள தண்ணீரை ஒட்டும் பரப்புக்குள் விட்டுத்தான் இறுகுகிறது. அதனால்தான் உலோகம், பிளாஸ்டிக், லேமினேட் செய்த அட்டை ஆகியவற்றில் காய்ந்ததும் தோலாக உரிந்து வருகிறது. அவற்றுக்கு எம்-சீல் போன்ற எப்பாக்ஸி, அதாவது இரண்டு பகுதிகளைப் பிசைந்து ஒட்டும் பசை, வேண்டும். பால் பாக்கெட்டில் எந்தப் பசையும் நிற்காது. தைக்கலாம், ஸ்டேப்ளர் அடிக்கலாம்.

கோலமாவில் புடைப்புப் பசை

இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கடையில் டெக்ஸ்ச்சர் பேஸ்ட் என்று டப்பாவில் விற்பதன் மலிவான மாற்று இது. கோலமாவு கல்மாவாக இருக்க வேண்டும், அரிசி மாவு கூடாது. கலப்படச் சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்பூன் மாவைத் தண்ணீரில் கொதிக்க விடுங்கள். அரிசி மாவு கஞ்சியாகத் திரளும், கல்மாவு அடியில் தங்கிவிடும்.

மாவை மெல்லிய வேட்டித் துணியில் சலித்து, 3 ஸ்பூன் எடுங்கள். 1 ஸ்பூன் ஃபெவிகால், 1 ஸ்பூன் வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட் அல்லது சுவருக்கு அடித்து மிஞ்சிய எமல்ஷன் சேர்த்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கெட்டி இட்லி மாவுப் பதத்துக்குக் குழையுங்கள். கோலமாவு இல்லாவிட்டால் முகப்பவுடர் 2 ஸ்பூனும் சரிதான், பரப்பு இன்னும் வழவழப்பாக வரும். மாவு கூடினால் காய்ந்தபின் நகம் பட்டாலே உதிரும், அரை ஸ்பூன் ஃபெவிகால் கூட்டுங்கள். தண்ணீர் கூடினால் ஓரம் வழிந்து வடிவம் கலையும். அதற்குக் கொஞ்சம் மாவு சேர்ப்பதுதான் வழி.

ஸ்டென்சில் வாங்கத் தேவையில்லை. வாசலில் கோலம் போட விற்கும் துளைத்தட்டை அட்டையின் மேல் வைத்து, பழைய ஏடிஎம் கார்டால் பசையை ஒரே திசையில் இழுத்துவிட்டு, தட்டை நேர்மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் கோடு கலங்கும். தட்டை உடனே கழுவிவிட வேண்டும், காய்ந்தால் துளை அடைபடும். தட்டு இல்லாவிட்டால் பசையை மெகந்தி கோனில் நிரப்பிப் புள்ளியும் சிக்குக்கோலமும் நேரடியாகவே இழுக்கலாம்.

பசையின் தடிமன் 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மேற்பரப்பு முதலில் இறுகி, உள்ளே இருக்கும் ஈரம் பிறகு வெளியேறும்போது சுருங்கி வெடிப்பு விடும். உயரம் வேண்டுமென்றால் ஒன்று காய்ந்தபின் அடுத்த பூச்சு. வெடிப்பே அழகாகத் தெரிகிற வேலைகளும் உண்டு. பழைய சுவர் போலக் காட்ட நினைத்தால் வேண்டுமென்றே தடிமனாகப் பூசுங்கள்.

காய வைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று தோன்றும், ஆனால் மேலே தோல் கட்டி வெடிக்கும், அட்டையும் படகாக வளையும். நிழலில் மின்விசிறிக் காற்றே சரி. கோடையில் ஓர் இரவு போதும். கார்த்திகை மழையில் இரண்டு நாள் ஆகலாம், அவசரம் வேண்டாம். ஏசி இருந்தால் அந்த அறையில் டிரை மோடில் வையுங்கள், அது காற்றின் ஈரத்தையே உறிஞ்சி வெளியேற்றுகிறது. அட்டை வளையாமல் இருக்க அதன் பின்புறமும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு கை பூசிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுத்தால் வளைவு வராது.

பார்சல் டப்பாவில் பழைய உலோகத் தோற்றம்

ஹோட்டல் பார்சல் வரும் அலுமினியப் பெட்டியின் அடிப்பாகம்தான் இதற்கு ஏற்றது. மாத்திரைப் பட்டையின் தகடு மெல்லியது, அழுத்தினால் கிழியும். பெட்டியைச் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவுங்கள். எண்ணெய் தங்கினால் பெயிண்ட் பிடிக்காது. அடியை வெட்டி, பூரிக்கட்டையால் உருட்டிச் சமமாக்கி, 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். வெட்டிய ஓரம் விரலைக் கிழிக்கும், ஆகவே குழந்தைகளிடம் கொடுக்கும் முன் ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள்.

ஐந்தாறு மடிப்பு செய்தித்தாளின் மேல் தகட்டைக் கவிழ்த்து, மை தீர்ந்த பால்பென்னால் பின்புறத்திலிருந்து மாங்காய், மயில், தாமரை என்று வரையுங்கள். பிறகு திருப்பி, கோட்டின் இருபுறமும் வெளிப்பக்கத்தில் அழுத்தினால் புடைப்பு தெளிவாக எழும். இப்படியே ஒட்டினால் ஒரு விரல் பட்டாலும் புடைப்பு அமுங்கிவிடும். பின்பக்கக் குழிகளில் மேலே சொன்ன கோலமாவுப் பசையை நிரப்பி, முழுதாகக் காயவிடுங்கள். பிறகு முகப்பில் கறுப்பு அக்ரிலிக்கைப் பூசி, ஒரு நிமிடம் பொறுத்து, உலர்ந்த பனியன் துணியால் மேடுகளை மட்டும் துடைத்தெடுங்கள். பள்ளத்தில் கறுப்பு தங்கி, மேடு மின்னும். தங்க நிறம் வேண்டுமானால் விரல்நுனியில் துளி எடுத்து மேட்டில் தேய்த்தால் போதும். பிரஷ்ஷில் பூசினால் பள்ளமும் நிரம்பி, பழமை போய்விடும்.

காகிதம், துணி, ஜரிகை

ஒவ்வொரு முகூர்த்த மாதத்துக்குப் பின்னும் வீட்டில் சேரும் கல்யாணப் பத்திரிகைகள் நல்ல தடிமன் உள்ளவை, பல கையால் செய்த காகிதத்தில் வருபவை. பிள்ளையார் உருவத்தை வெட்டிக் குப்பையில் போட மனம் வராது. அதைச் சுற்றி ஓரம் விட்டு முழுதாக எடுத்து வைத்தால் கொலுப் பின்திரைக்கு ஆகும். பளபளப்பு லேமினேஷன் உள்ள பக்கத்தில் ஒட்டுவதானால் முதலில் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். இன்னும் காகிதம் வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவின் காகிதக் கடைகளிலும் பத்திரிகைக் கடைகளிலும் வெட்டு மிச்சம் கேட்டுப் பார்க்கலாம்.

முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியும் ஒரு பூ. ஓரத்தில் ஐந்து இதழாக வெட்டி, லேசாக நனைத்து, விரலால் வெளிப்பக்கம் வளைத்துக் காயவைத்து, காய்ந்தபின் நிறம் ஏற்றுங்கள். பத்திரிகைத் தாளில் மணி செய்ய, அடி 2 சென்டிமீட்டர், நீளம் 25 சென்டிமீட்டர் உள்ள நீள்முக்கோணமாக வெட்டி, அகன்ற பக்கத்திலிருந்து ஈர்க்குச்சியில் இறுக்கிச் சுற்றி நுனியை ஒட்டுங்கள். குச்சியைப் பசை காயும் முன்னே உருவிவிட வேண்டும்.

பழுப்பேறிய பழந்துணிக்கு ஃபில்டரில் இரண்டாவதாக இறக்கிய டிகாக்‌ஷனே போதும். பருத்தித் துணியைக் கஞ்சி போக அலசி, சூட்டில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். சாம்பல் கறுப்பு வேண்டுமா? இரும்பாணி பத்தை அரை டம்ளர் வினிகரில் மூன்று நாள் போடுங்கள். வாயு வெளிவரும் என்பதால் மூடியை இறுக்கக் கூடாது. துணியை டீயில் ஊறவைத்து, பிறகு இந்த நீரில் நனைத்தால் கண்ணெதிரே நிறம் மாறும். பிறகு சோடா உப்பு கரைத்த தண்ணீரில் நன்றாக அலசாவிட்டால் மிஞ்சும் அமிலமும் இரும்பும் துணியை நாளடைவில் இற்றுப்போகச் செய்யும். மஞ்சளில் ஏற்றிய நிறம் மட்டும் வெளிச்சத்தில் வெகு சீக்கிரம் வெளுக்கும், சுவரில் மாட்டும் வேலைக்கு ஆகாது.

கிழிந்த பட்டுப்புடவையின் பார்டரைக் கத்தரிக்கும் முன் ஒரு நிமிடம். பழைய சுத்த ஜரிகையில் வெள்ளி இருக்கும், அதை எடைக்கு வாங்குபவர்கள் உண்டு. விசாரித்துவிட்டுக் கைவையுங்கள். பெறுமானம் இல்லாத பார்டர் என்றால், பின்புறம் சம அளவு தண்ணீர் கலந்த ஃபெவிகாலைப் பூசி, காய்ந்த பிறகு வெட்டுங்கள். இழை பிரியாது.

முட்டை ஓடு மொசைக்கிலும் இதே கவனம் வேண்டும். உள்ளே இருக்கும் சவ்வை ஓடு ஈரமாக இருக்கும்போதே உரித்தெடுங்கள், அது தங்கினால் நாற்றமும் பூசணமும் நிச்சயம். ஃபெவிகால் பூசிய இடத்தில் ஓட்டை வைத்து விரலால் அமுக்கினால் தானே உடைந்து பரவும். இடைவெளியைப் பல்குத்தும் குச்சியால் சரிசெய்யலாம்.

ஒட்டுவதும் எடுத்து வைப்பதும்

ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கனமான எதையும் ஃபெவிகாலை மட்டும் நம்பிச் செங்குத்தாக மாட்ட வேண்டாம். எம்-சீலின் இரண்டு பகுதிகளையும் சம அளவு பிசைந்து, நிறம் ஒன்றான பிறகு பட்டாணி அளவு வைத்து அழுத்தி, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். நிறத்தில் கோடு தெரிந்தால் கலவை முழுமையாகவில்லை, அது இறுகாது.

ஃபெவிகால் கலந்த எல்லாமே காய்ந்த பின்னும் தண்ணீர் பட்டால் இளகும். கடைசியில் அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு கொடுங்கள், அடிப்பக்கத்தையும் சேர்த்து. மழை பெய்கிற நாளில் பூச வேண்டாம், வெண்படலம் படியும். அக்ரிலிக் பூசிய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் புழுக்கத்தில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது நிறம் உரியும். பிளாஸ்டிக் கவரும் அப்படித்தான் ஒட்டும். இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போடுங்கள். செருப்பு டப்பாவிலும் மாத்திரை பாட்டிலிலும் வருகிற அதே பொட்டலங்கள்தான். மழைக்காலம் தொடங்கும் முன் புதியவற்றை மாற்றிவிடுங்கள்.