கெர்னலுக்குள் முதல் அடி: ஒரு குட்டி லினக்ஸ் மாட்யூல்

சிஸ்டம் புரோகிராமிங் பழக வேண்டும் என்றதும் பலர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் மூலநிரலை முழுசாக இறக்கிக் கம்பைல் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். அதை அப்புறம் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் சின்ன மாட்யூல் (கெர்னலோடு சேர்க்கவும் நீக்கவும் முடிகிற நிரல்துண்டு) ஒன்றை ஏற்றி இறக்கினாலே நிறையப் புரியும். சி மொழியில் பாயிண்டர் வரை வந்திருந்தால் போதும்.

முதல் வேலை, ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி. மாட்யூலில் பாயிண்டர் பிசகினால் மொத்த சிஸ்டமும் உறைந்துபோகலாம். அதற்கான மென்பொருள்களில் என் ஓட்டு க்யூஎமுவுக்கு. கெர்னல் செய்திகளை அனுப்பும் சீரியல் கன்சோலை டெர்மினலுக்குத் திருப்பிவிட்டால், கெர்னல் விழும்போது கடைசியாகச் சொன்னதும் கையில் இருக்கும்.

அடுத்து கம்பைலர், மேக் (மேக்ஃபைலில் எழுதியபடி கம்பைல் செய்யும் கருவி), கெர்னல் ஹெடர் (மாட்யூலைக் கம்பைல் செய்யத் தேவையான கெர்னல் கோப்புகள்). பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இந்த ஹெடரில்தான், நானும் உட்பட. சிஸ்டம் அப்டேட் புதிய கெர்னலை நிறுவியிருக்கும். ரீபூட் செய்யாததால் ஓடுவது பழையது. இப்போது பொதுவான ஹெடர் பேக்கேஜைப் போட்டால் புதிய கெர்னலுக்கானதுதான் வரும். மேக்ஃபைலில் அந்த ஃபோல்டரின் பாதையைக் கையால் எழுதினால் கம்பைல் அழகாக முடியும், ஆனால் ஏற்றும்போது 'இன்வேலிட் மாட்யூல் ஃபார்மேட்' என்று முகத்தில் அடிக்கும். நிரலில் குறை தேடாதீர்கள். 'யூநேம் -ஆர்' காட்டும் பதிப்பையும், 'மாட்இன்ஃபோ' காட்டும் வெர்மேஜிக் வரியின் (மாட்யூல் எந்தக் கெர்னலுக்கானது என்ற குறிப்பு) தொடக்கத்தில் உள்ள பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் ரீபூட் செய்துவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

நிரலில் இரண்டே ஃபங்ஷன்: ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. முதலாவது பூஜ்யம் திருப்பித் தர வேண்டும். மைனஸ் எண் தந்தால் மாட்யூல் ஏறாது. கெர்னலுக்குள் சி லைப்ரரி கிடையாது என்பதால் பிரின்ட்எஃப் வேலைக்கு ஆகாது, கெர்னலின் சொந்த பிரின்ட்கேதான். லைசென்ஸ் வரியில் ஜிபிஎல் (கெர்னலின் லைசென்ஸும் அதுதான்) என்று எழுதுங்கள். அதோடு ஒத்துப்போகாத லைசென்ஸ் போட்டால் கெர்னலின் பல ஃபங்ஷன்களைத் தொடவே முடியாது. மேக்ஃபைலில் கட்டளை வரிக்கு முன்னால் டேப், ஸ்பேஸ் அல்ல.

சரி, 'இன்ஸ்மாட்' கொடுத்து ஏற்றுங்கள், 'எல்எஸ்மாட்' பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள், 'ஆர்எம்மாட்' கொடுத்து இறக்குங்கள். செய்திகள், கெர்னல் பதிவைக் காட்டும் 'டிமெஸ்ஜி' (dmesg) கட்டளையில் வரும். உபுண்டுவில் அதற்கு சூடோ தேவைப்படலாம். மாட்யூல் ஏறியும் செய்தியைக் காணோமா? பிரின்ட்கே வரியின் முடிவில் நியூலைன் விட்டுப்போயிருக்கும். அது இல்லாவிட்டால் வரி இன்னும் முடியவில்லை என்று கெர்னல் காத்திருக்கும். அடுத்த செய்தி வந்த பிறகுதான் இது வெளியே தெரியும்.

பின்சேர்க்கை: 'கீ வாஸ் ரிஜெக்டட்' என்று வருவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அது செக்யூர் பூட்டின் வேலை. டிஜிட்டல் கையெழுத்திடாத மாட்யூலை உள்ளே விடாது. பழகுவதற்கான விர்ச்சுவல் மெஷினில் அதை அணைத்துவிடுங்கள். சொந்த லேப்டாப்பில் அணைக்க வேண்டாம், 'மோக்யுடில்' என்ற கருவி வழியாக உங்கள் கீயைப் பதிந்து மாட்யூலில் கையெழுத்திடுங்கள்.